வியாழக்கிழமைச் சீட்டுகள்

என் ஷமீமுக்கு, உன் கோமதி அக்கா எழுதுவது.

உன்னிடம் நலம் விசாரித்து என்ன ஆகப் போகிறது, நேராக என் வயிற்றெரிச்சலுக்கே வருகிறேன். போன வாரம் நம் ஹாஸ்டலில் பாலியல் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்தது. பேனர் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி நடந்தது. ஆமாம், குத்துவிளக்குதான். மாதவிடாயைப் பற்றிப் பேசுவதற்குக் குத்துவிளக்கு ஏற்றிய கம்பெனி இந்தப் படப்பைப் பக்கத்தில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும்.

நீ நர்ஸாக இருந்து உயிரைக் கொடுத்து உழைத்த அதே கம்பெனிதான். காருக்கு வயரிங் கட்டுகிற அதே பெண்கள், நான் வார்டனாக இருந்து அதட்டுகிற அதே மூன்று மாடி ஹாஸ்டல். ஷிப்ட் முடிந்து வந்தவர்களை யூனிபார்ம்கூட மாற்ற விடாமல் மெஸ் ஹாலில் உட்கார வைத்தார்கள். இருநூற்றைம்பது பேரும் தரையில். முன்வரிசை நாற்காலிகளில் பெரிய மனிதர்கள், அத்தனை பேரும் ஆம்பளைகள்.

சிட்டியிலிருந்து ஒரு நிபுணர் அம்மா வந்திருந்தார். திரையில் செம்பருத்திப் பூ வந்தது, தேனீ வந்தது, மகரந்தம் வந்தது. முக்கால் மணி நேரம் ஆகியும் மனுஷ ஜாதி வரவில்லை. கடைசியில் மைக்கை நீட்டி, "கேள்வி கேளுங்க கண்ணுங்களா, கூச்சமே படக்கூடாது" என்றார். எதிரில் பிளான்ட் ஹெட் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒருவர் வீடியோ எடுக்கிறார். எவள் கேட்பாள்?

உடனே நம் கோட்டு எழுந்தான். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிற ஹெச்.ஆர். மேனேஜர், நீ வைத்த பெயர்தானே. "பாத்தீங்களா மேடம், ஒரு டவுட்கூட இல்ல. நம்ம கேர்ள்ஸ்க்கு எல்லாமே கிளியரா புரிஞ்சிடுச்சு" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் ஷமீம், அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உன் வியாழக்கிழமைகளை நினைத்துக்கொண்டேன். நீ ஏழு பேருக்கு மேல் சேர்க்க மாட்டாய். மாலை நான்கு மணிக்கு, மெஸ் மேசையைச் சுற்றி ஏழு பேர், நடுவில் மறுநாள் சமையலுக்கான பீன்ஸோ முருங்கைக்கீரையோ ஒரு குவியல். கை வேலையில் இருக்கும், கண் கீழே இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. சமையல்காரிக்கு ஓசியில் ஆள் பிடித்துக் கொடுக்கிறாய் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

"இருநூத்தம்பது பேர் இருக்காங்க. ஏழு ஏழா உக்கார வெச்சு நீ எப்ப முடிக்கறது? அதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவ" என்று நான் நக்கலடித்தது நினைவிருக்கிறதா?

"ஆவட்டும்க்கா. கூட்டம் சேத்தா காது மட்டும்தான் வரும், வாய் வராது. நீ சும்மா பேஜார் பண்ணாத. உக்காரு, பீன்ஸ் ஆயி, வாயத் தொறக்காத" என்றாய். அந்த நிபந்தனையின் பேரில்தான் என்னை அந்த மேசையில் சேர்த்தாய்.

உன் முறை எனக்கு மனப்பாடம். ஒரே நோட்டிலிருந்து கிழித்த ஏழு சீட்டு, ஒரே கடையில் வாங்கிய ஏழு பென்சில். கேட்க இருப்பவள் கேள்வி எழுதுவாள், இல்லாதவள் 'ஒன்றுமில்லை' என்றாவது எழுதியே ஆக வேண்டும். மடித்துக் காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவாய். ஆளுக்கு ஒன்றை எடுத்து, "எனக்கு ஒரு சந்தேகம்" என்று தன் கேள்வியைப் போலவே வாசிக்க வேண்டும். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. முதலில் அவர்கள் பேசுவார்கள், நீ கடைசியில்தான்.

ஒருநாள் ஒருத்தி வாசித்தாளே: "எனக்கு ஒரு சந்தேகம். ஒருத்தன் என்னத் தொட்டான். நான் இப்ப கெட்டவளா?" அப்புறம் செய்யாறு பெண் ஒருத்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "அவன் கெட்டவனான்னு அவன் வூட்ல யாராச்சும் கேட்டாங்களாடி?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்ததும் பேச்சு வந்துவிட்டது. எல்லாம் அடங்கிய பிறகு நீ கேட்டாய்: "உனக்குப் புடிச்சிருந்துச்சா, புடிக்கலியா? மொத அத்த சொல்லு. புடிக்கலன்னா அது வேற பேச்சு, அதுக்கு நான் கீறேன்." நிபுணர் அம்மாவின் தேனீ ஆயிரம் வருஷம் பறந்தாலும் இந்த ஒரு கேள்வியிடம் வந்து சேராது.

உன்னிடம் ஒரே ஒரு ஓட்டை இருந்தது ஷமீம். சீட்டு ஒரே மாதிரி, பென்சில் ஒரே மாதிரி, எழுதும் கை ஒரே மாதிரி இல்லையே. அந்தக் கைகளைத் தினமும் பார்க்கிற ஒருத்தி உன் பக்கத்திலேயே பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். வெளியே போகிற ஒவ்வொருத்தியும் பெயர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ரிஜிஸ்டர் என் மேசையில்தான் இருக்கிறது. இருநூற்றைம்பது கையெழுத்தும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அது உனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் என்னை நீ நம்பினாய்.

இனிமேல் எழுதப் போவதைத்தான் நீ உயிரோடு இருந்தபோது சொல்லாமல் முழுங்கினேன். தேன்மொழியை மறந்திருக்க மாட்டாய். மதுராந்தகத்துப் பக்கத்துப் பெண், இருபது வயது, மூன்றாவது லைனில் வேலை. பென்சிலை அழுத்தி, இடது பக்கம் சாய்த்து எழுதுவாள். அந்த வியாழக்கிழமை வேறொருத்தி எடுத்து வாசித்தாள்: "எனக்கு ஒரு சந்தேகம். ரெண்டு மாசமா தள்ளிப் போயிருக்கு. வீட்டுக்குத் தெரிஞ்சா வெட்டிடுவாங்க. செத்துடலாம் போல இருக்கு."

அவளுங்க எவ்வளவு நன்றாகப் பேசினாளுங்க! ஒருத்தி, "எனக்கும் போன வருசம் மூணு மாசம் வரல, நைட் ஷிப்ட் போட்டு வாட்டுனதுல" என்றாள். இன்னொருத்தி, "யாரா இருந்தாலும் சரி, தனியா மட்டும் இருக்காத" என்றாள். நீ கடைசியாகச் சொன்னாய்: "எழுதினது யாருன்னு எனக்குத் தெரிய வேணாம். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கே மெடிக்கல் ரூம் தொறந்துடுவேன். தலவலி மாத்திரன்னு சொல்லிக்கினு வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன். இன்னிக்கு ஏழு பேரும் பாயத் தூக்கிக்கினு ஒரே ரூம்ல படுங்க. சத்தியம் பண்ணுங்க." ஏழு பேரும் சத்தியம் செய்தார்கள்.

அதற்குமேல் என்ன வேண்டும்? எல்லாமே அங்கேயே முடிந்திருந்தது. ஆனால் வாசித்தவள் சீட்டை மேசையில் வைத்தபோது, இடது பக்கம் சாய்ந்த எழுத்து என் கண்ணில் பட்டுவிட்டது. நான் ரூமுக்குப் போய் ரிஜிஸ்டரைப் புரட்டி ஒத்துப் பார்த்தேன். அவள்தான். எனக்குப் பயம் வந்தது, அது நிஜம். என் ஹாஸ்டலில் ஒரு பெண் ஏதாவது செய்துகொண்டால் என் வேலை என்ன ஆகும் என்கிற பயம். அதோடு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று. அந்தப் பெருமைக்குத்தான் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவள் அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். நல்லதுக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு செய்தேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அந்த ஆள் வந்து கேட்டில் நின்றார். அதே நேரம் தேன்மொழி கீழே இறங்கி வந்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். இடம், மெடிக்கல் ரூம். காரணம், தலைவலி மாத்திரை. உன்னிடம்தான் வந்துகொண்டிருந்தாள் ஷமீம். நடந்து வந்தால் இரண்டு நிமிஷம். அவள் கையெழுத்துப் போடும் முன்பே அப்பா அவள் கையைப் பிடித்துவிட்டார். நீ அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஒரு மாதம் கழித்து அவள் யாரோ தோழி போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டாள். ஊரில் டாக்டர் பார்த்ததில் கர்ப்பமெல்லாம் ஒன்றுமே இல்லை, தைராய்டு. அதற்குள் அப்பா, 'பேர் கெட்டுப்போச்சு' என்று சொந்தத்தில் எவனுக்கோ முடித்து வைத்துவிட்டார். இதை நீ மெஸ்ஸில் என் எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாய். "யாருக்கா சொல்லியிருப்பாங்க? அந்த ஏழு பேர்ல யாரு?" என்று கேட்டாய். நான், "யாரைச் சொல்றது, காலம் கெட்டுக் கிடக்கு" என்றேன். சொல்லிவிட்டு பீன்ஸை ஆய்ந்தேன்.

அப்புறம் அந்தப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி சந்தேகப்பட்டார்கள். யாரும் சீட்டு எழுதவில்லை. நீ விடாமல் புதுப் புது ஏழு பேராகக் கூட்டி உட்கார வைத்தாய். முடி கொட்டுவதைப் பற்றியும் பருவைப் பற்றியும் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். "இன்னாக்கா, எங்க தப்பு பண்ணேன்னே தெரியல" என்று நீ சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கோ அந்த வருஷ மகளிர் தினத்தில் சிறந்த வார்டன் என்று கேடயம் கொடுத்தார்கள். கோட்டிடம் நானே போய்ப் பீற்றிக்கொண்டதன் பலன். இப்போது அது என் வீட்டில் வாஷிங் மெஷின் ஆடாமல் இருக்க அடியில் கிடக்கிறது.

மேற்குத் தாம்பரத்தில் உன் வீட்டு வாசலிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது, நாங்கள் பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். உன் வீட்டுக்காரரும் பையன்களும் உன்னை அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்கு நடந்தார்கள். உன் காதருகில் குனிந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் வீட்டு ஹாலில் அத்தனை நேரம் உன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஊரையெல்லாம் திட்டுகிற வாய், உன்னிடம் மட்டும் ஊமை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். குத்துவிளக்கு நிகழ்ச்சி முடிந்ததும் கோட்டு மெஸ் வாசலில் ஒரு கேள்விப் பெட்டி மாட்டினான். பூட்டுப் போட்ட பெட்டி. பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும் என்று மேலே ஒட்டியிருக்கிறது. சாவி அவன் பாக்கெட்டில். நான்கே நாளில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். போனால் மேசையில் ஒரு சீட்டு.

'லைன்ல சூப்பர்வைசர் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டு நிக்கிறாரு. விலகினா டார்கெட் ஏத்துறாரு. யார்கிட்ட சொல்றது?'

"மேடம், இது யாரோடதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான் கோட்டு. "அந்த தேன்மொழி மேட்டர்ல பட்டுன்னு புடிச்சீங்கல்ல? உங்களுக்குத்தான் எல்லா ஹேண்ட்ரைட்டிங்கும் தெரியுமே."

"தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறீங்க?"

"கவுன்சலிங் குடுக்கலாம். வேற டிபார்ட்மென்ட் மாத்தி விடலாம். நல்லதுக்குத்தான் மேடம்."

நான் சொன்ன அதே வார்த்தை, ஷமீம். அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு நாறுகிறது என்று தெரிந்தது. ஒட்டிக்கொண்டு நிற்கிறவனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. எழுதினவள் யார் என்பதுதான் அவனுக்கு வேண்டும். அந்தச் சீட்டைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஆளும் தெரிந்துவிட்டது, அவள் படுக்கும் கட்டில்கூடத் தெரிந்துவிட்டது.

"இது என் கையெழுத்து சார்" என்றேன்.

சிரித்தான். "ஜோக் அடிக்காதீங்க மேடம். உங்க வயசு என்ன? நீங்க லைனுக்கே போறதில்ல."

"ஐம்பத்து மூணு. ஏன், அந்த வயசுல நின்னா ஒட்ட மாட்டாங்களா? சாப்பாட்டுக் கணக்கு குடுக்க உள்ள வரேன்ல? எழுதினது நான்தான். புகார் குழுன்னு வாசல்ல போர்டு மாட்டி வெச்சிருக்கீங்களே, அதுல உக்கார வெச்சு எல்லா சூப்பர்வைசரையும் விசாரிங்க. அது வேணாம்னா சொல்லுங்க, கலெக்டர் ஆபீஸுக்கு நானே பஸ் ஏறுறேன்." சீட்டின் அடியிலேயே என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கோட்டுக்கு வேர்த்துவிட்டது. அவன் அந்தக் கோட்டைக் கழற்றியதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. பொய்ப் புகாராம், விளக்கம் தர வேண்டுமாம். விசாரணைக்கும் தேதி போட்டிருக்கிறார்கள், வேறு வழியில்லாமல். வேலை போனால் போகட்டும், பெருங்களத்தூரில் என் ஒற்றை பெட்ரூம் வீட்டில் எனக்குக் கஞ்சி குடிக்கத் தெரியும். நீ உடனே, "வீரமா பேசாத கோமுக்கா, உள்ள உதறிக்கினு கீது" என்பாய். உதறுகிறதுதான்.

நேற்று வியாழக்கிழமை. ஏழு பெண்களைக் கூப்பிட்டு மெஸ் மேசையில் உட்கார வைத்தேன். சீட்டு கொடுப்பதற்கு முன்னால், "ஒண்ணு சொல்லணும், உங்க எல்லார் எழுத்தும் எனக்குத் தெரியும். தேன்மொழின்னு ஒரு பொண்ணு இங்க இருந்தா" என்று ஆரம்பித்து, உன்னிடம் சொல்லாத அத்தனையையும் கொட்டினேன். ஒருத்தி பாதியிலேயே எழுந்து போனாள். பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். என் மேல் காறித் துப்பாமல் போனார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

மீதி இருந்தவர்களில் பிரியா என்று ஒருத்தி, போன மாதம் சேர்ந்தவள், பீன்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த சிஸ்டருக்கு இது தெரியுமா மேடம்?"

"தெரியாது. செத்துட்டா."

"அந்தத் தேன்மொழி அக்காவுக்கு?"

"தெரியாது."

"அப்ப எங்ககிட்ட ஏன் மேடம் சொல்றீங்க? அவங்ககிட்டல்ல மொதல்ல சொல்லணும்?"

இருபது வயதுப் பெண்ணிடம் அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் முறை வேலை செய்கிறது ஷமீம், மேசையில் நால்வர் இருந்தாலும் வேலை செய்கிறது. நான் அந்த மேசையில் இத்தனை வருஷம் வார்டனாகவே உட்கார்ந்திருந்தேன். நேற்றுத்தான் அவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்தேன்.

இன்றைக்குக் காலை, பழைய தோழி ஒருத்தியிடம் நம்பர் வாங்கித் தேன்மொழிக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு! பெண் குழந்தை இருக்கிறதாம், இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம், ஏன் என்று சொல்லவில்லை. பார்க்க வரலாமா என்றேன். "ஞாயித்துக்கிழமை வாங்க மேடம், நான் வீட்ல தனியாத்தான் இருப்பேன். சிஸ்டரயும் கூட்டிட்டு வாங்க. அன்னிக்கு அவங்களைப் பாக்கத்தான் எறங்கி வந்தேன். வரேன்னுட்டு வராமப் போயிட்டேன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள்.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெருங்களத்தூரில் பஸ் ஏறுகிறேன். நீ இல்லை என்பதையும், அவள் அப்பாவுக்குப் போன் செய்தது நான் என்பதையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன், கேட்டால் பாவம் அவள் கொடுத்துவிடுவாள். அவள் என்ன சொன்னாலும், எதைத் தூக்கி எறிந்தாலும், வாயைத் திறக்காமல் நின்று கேட்டுவிட்டு வருவேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

நீ உடன்பிறப்பாக நம்பிய அக்கா,
கோமதி